இலங்கைச் சேனை

ஆவடியில் டாங்கிகள் செய்யும் தொழிற்சாலையின் மதிலோரம் யாம் பன்முறை பெருமிதத்துடன் நடந்ததுண்டு. புழல் முகாமில் வாழும் ஈழத்து அன்னையார் ஒருவரோ, இராணுவம் என்ற சொல்லைக் கேட்பினும் முகம் வாடுவர்.

அவர்தம் தீவின் சேனை 1949 அக்டோபர் 10-இல் நிரந்தரப் படை, தொண்டர் படை என இரு கூறாய்த் தோன்றியது. புறப்பகை வரின் ஆங்கிலேயர் துணை நிற்பதென 1947-இல் உடன்படிக்கை செய்திருந்தமையின், அது சிறிதாகவே இருந்தது. 1955-இல் அதன் முதற் சுதேசத் தளபதியானவர் ஆண்டன் முத்துக்குமாரு என்னும் தமிழர்! இதனை யாம் கூறியபோது அவ்வன்னையார் நம்பினாரல்லர்.

1962-இல் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர்; அவருள் நம் சமயத்தார் பலர் என்பது எமக்கு நாணந் தருவதே. அதன்பின் சேனையில் சிறுபான்மையோர் அருகினர். 1983 முதல் 2009 வரை அது பொருதது கடல் கடந்து வந்த பகைவரோடன்று, தன் நாட்டாரோடே.

தளபதியின் பெயரைத் தாளில் எழுதித் தருமாறு அவ்வன்னையார் கேட்டனர். எழுதிக் கொடுத்தோம்.