ஏலத்தில் போன கொட்டகைகள்

இங்கிலாந்தில் ரயில் போன சிற்றூர்களில் ஸ்டேஷனுக்கு எதிரே 'ரயில்வே இன்' என்று ஒரு மதுக்கடை வந்துவிடும். ஊர் நடுவே அதற்கும் முந்தைய 'ரெட் லயன்' ஒன்று ஏற்கெனவே இருக்கும். நாட்டிங்காமில் ஒரு பப் தன் சுவரிலேயே 1189 என்று எழுதி வைத்திருக்கிறது. நம்புவதும் நம்பாததும் நம் இஷ்டம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, பெரம்பூர் வழியாக, ஏறக்குறைய 100 கி.மீ. தள்ளியிருந்த வாலாஜா ரோடு வரை போனது. அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழியில் காட்டுவதற்கு நூறு வயதான ஒரு கள்ளுக்கடை கிடையாது. இந்தப் பக்கத்து ஜனங்கள் குடிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

ராயபுரத்தில் தூண் வைத்த பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து கடற்கரைப் பக்கம் மீனவர் குப்பங்கள். சோற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சாமல் குடிக்கிற சுண்டக்கஞ்சி அந்தப் பக்கத்துச் சரக்கு. அதற்குக் கடை வேண்டாம், பானையும் மறைவான இடமும் போதும்.

கடையாக நடந்த கள்ளுக்கும் கட்டடம் வாய்க்கவில்லை. காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரி (மது வரி) சட்டத்துக்குப் பிறகு கள் இறக்கும் மரத்துக்கு மர வரி, மரத்தில் நம்பர். கடையோ வருஷா வருஷம் ஏலம். இந்த வருஷம் எடுத்தவனுக்கு அடுத்த வருஷம் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அப்படிப்பட்டவன் செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்புவானா? நாலு கம்பு நட்டு, ஓலை வேய்ந்து, மண் தரையில் பானையை இறக்கினான். பெயர்ப் பலகை எதற்கு? இங்கிலாந்தில் தாத்தா நடத்திய கடையைப் பேரன் நடத்தினான். இங்கே ஏலம் கேட்டவன் நடத்தினான்.

பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி தாண்டினால் பெரம்பூர். ரயில்வே ஒர்க்ஷாப்பும் 1955இல் நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பும் இந்த ஊரை ஆளாக்கியவை. ஆங்கிலோ இந்தியர்கள் நிறைய இருந்த ஊர் என்பதால் பப்புக்குக் கொஞ்சமாவது சாயல் உள்ள இடம் இங்கேதான் இருந்தது: ரயில்வே இன்ஸ்டிடியூட். நடனம், பில்லியர்ட்ஸ், கிறிஸ்துமஸ் விழா எல்லாம் அங்கே. ஆனால் அது உறுப்பினர்களுக்கான இடம். ஃபிட்டருக்கு உதவியாளாக இருந்த வியாசர்பாடிக்காரன் சாயங்காலம் போய் உட்கார முடியாது.

அவனைப் போன்ற தொழிலாளிகள் எங்கே உட்கார்ந்தார்கள்? இங்கிலாந்தில் தொழிற்சங்கங்கள் பலவும் பப்பின் மாடி அறையில் கூடி வளர்ந்தவை. இங்கே பக்கத்திலிருந்த பின்னி மில் தொழிலாளர்கள் கூடியது வேறு இடத்தில். பெரம்பூர்ப் பக்கத்தில் செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு இருவரும் நடத்திய கடையை ஒட்டி ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்று ஒரு பக்தி சபை இருந்தது. மில்லில் அடியும் திட்டும் வாங்கிவிட்டுக் கதை கேட்க வந்தவர்கள் அங்கேதான் தங்கள் குறைகளைப் பேசினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அதிலிருந்து பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் சேர்ந்தார். இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். கள்ளுக்கடையில் புலம்பல் நடந்திருக்கும். சங்கம் நடத்த ஒரு சுவரும் கதவும் வேண்டும், அடுத்த வருஷமும் அதே இடம் இருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

அடுத்து வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி. தோப்புகள் போய்த் தொழிற்பேட்டை வந்துவிட்டது. ஆவடி, பட்டாபிராம் பக்கம் ராணுவ கேன்டீனிலிருந்து வெளியே வரும் 'மிலிட்டரி சரக்கு'க்கு எந்தக் காலத்திலும் ஒரு தனி மரியாதை.

திருவள்ளூரைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939இல் வட ஆர்க்காட்டுக்கு வந்தது. திருவள்ளூர் செங்கல்பட்டு மாவட்டம், கடை உண்டு. அரக்கோணம் வட ஆர்க்காடு, கடை கிடையாது. ஒரே வண்டி, ஒரே தண்டவாளம், நடுவில் ஈரத்துக்கும் வறட்சிக்கும் எல்லை. அரக்கோணத்துக்காரனுக்குத் தாகம் எடுத்தால் ஒரு டிக்கெட்தான் செலவு. போர்க்காலத்தில் அந்த விலக்கைத் தளர்த்தினார்கள். 1948இல் மாகாணம் முழுவதும் மூடிவிட்டார்கள். அதன்பின் 1971இல் திறப்பு, 1974க்குள் மூடல், 1981இல் மறுபடி திறப்பு, 1987 பிறந்ததும் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பூட்டு. 1990இல் மலிவு விலை மது, மறு வருஷமே அதுவும் ரத்து. 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. இப்படித் திறந்து திறந்து மூடினால் எந்தக் கடைக்கு வயதாகும்?

மூடியிருந்த அந்த நீண்ட வருஷங்களில் பெஞ்சும் பேப்பரும் பேச்சும் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தன. பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் கட்சிப் படிப்பகங்கள் அதற்குப் பக்கத்திலேயே வந்தன. பப்பின் பாதி வேலையை நம் ஊரில் டீ மாஸ்டர்தான் செய்தார் என்பது என் கட்சி. டாஸ்மாக் வந்தும் இது மாறவில்லை. கடைகள் பெரும்பாலும் வாடகை இடம். ஒட்டியிருக்கும் பாருக்கு இன்றும் டெண்டர்தான். வாங்கிய குவாட்டரை நின்றபடியே முடித்துவிட்டுப் போகிறவனோடு யார் உட்கார்ந்து பேசுவது?

வாலாஜா ரோடு வந்துவிட்டது. சீசனில் இந்தப் பக்கப் பனைகளில் காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், ரோட்டோரம் தைரியமாக விற்கலாம். தடவாமல் விட்டால் கள், 1987க்குப் பிறகு அது வழக்கு.