பொட்டலத்தின் பின்பக்கம்



ஒரு காலத்தில் பட்டணத்துப் பேரங்காடியில் மட்டுமே கண்ணில் பட்ட சால்மன் மீன், இன்று நம் தோட்டத்துச் சமையற்கட்டுக்கும் வந்துவிட்டது. நார்வே போன்ற குளிர்நாடுகளில் வளர்த்த மீனைத் துண்டு போட்டு, மசாலா தடவி, காற்றுப் புகாத பையில் அடைத்து உறையவைத்து விற்கிறார்கள். செதில் உரிக்க வேண்டாம், முள் எடுக்க வேண்டாம். பொழுது விடியுமுன்னே பெரட்டுக்குப் போகும் பெண்களுக்கு இது வசதிதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் வசதி வேறு, சத்து வேறு. மீனில் இருக்கும் சத்து வேறு, மசாலாவோடு சேர்ந்து வருவது வேறு. இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு சம்பளத்துக்கு மறுநாள், என் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். கையில் அப்படி ஒரு பொட்டலம். "டீச்சர், இத வாரத்துக்கு ரெண்டு வாங்கிக் கொடுத்தா புள்ளைக்கு மூள நல்லா வேலை செய்யும்னு சொல்றாங்க. முட்டை, பால நிறுத்திட்டு இதையே வாங்கலாமா?" என்று கேட்டார். கணவனும் மனைவியுமாகச் செம்பனைக் காட்டில் வெயிலில் நின்று சம்பாதிக்கும் காசு. அந்தக் காசில் பிள்ளைக்கு உயர்ந்ததை ஊட்ட வேண்டும் என்ற ஆசை. அதைக் கேலி செய்ய யாருக்கு மனம் வரும்? ஆகவே ஒரு பென்சிலையும் தாளையும் எடுத்துவைத்துக்கொண்டு இருவருமாகக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

முதலில் மீனின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். மசாலா சேராத வளர்ப்புச் சால்மன் 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதமும் 13 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. அந்தக் கொழுப்பில் ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு நிறைய உண்டு. டி வைட்டமினும் பி-12 வைட்டமினும் உண்டு. சோடியமோ சுமார் 60 மில்லிகிராம்தான். மாவுச்சத்து இல்லவே இல்லை என்று சொல்லலாம். மூளையின் அமைப்பில் ஒமேகா-3 கொழுப்புக்குப் பங்கு இருப்பது உண்மைதான். அதற்காக மீன் தின்ற மறுநாளே பிள்ளைக்கு வாய்ப்பாடு வந்துவிடாது.

இனி பொட்டலத்தைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் 'மக்லுமாட் பெமாகானான்' என்ற தலைப்பில் ஒரு கட்டம் இருக்கும். 'தெனாகா' என்றால் சக்தி, 'லெமாக்' என்றால் கொழுப்பு, 'நாத்ரியம்' என்றால் சோடியம். சோடியம் என்பது பெரும்பாலும் உப்பின் வழியாக நம் உடம்புக்குள் போவது. அதை இரண்டரையால் பெருக்கினால் எவ்வளவு உப்பு என்பது தெரிந்துவிடும்.

ஒரு பொட்டலத்தில், 100 கிராமுக்குப் புரதம் 18 கிராம், மாவுச்சத்து 5 கிராம், சோடியம் 500 மில்லிகிராம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மீனில் இல்லாத மாவுச்சத்து எங்கிருந்து வந்தது? மசாலாவில் சேர்த்த சீனியும் மாவும்தான். சோடியமும் அப்படியே. 60 ஆக இருந்தது 500 ஆகிவிட்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கு 100 கிராமுக்கு. பையில் இருக்கும் துண்டோ 120 கிராம் இருக்கலாம். அப்படியானால் ஒரு துண்டில் சோடியம் 600 மில்லிகிராம், அதாவது ஒன்றரை கிராம் உப்பு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. சிறுபிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைவு. ஒரே துண்டில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. குழம்பு, சம்பல், கருவாடு எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். மேலே ஒரு மேசைக்கரண்டி உப்புக் கீச்சாப் ஊற்றினால், அதில் மட்டும் 800, 900 மில்லிகிராம் சோடியம்.

இந்த இடத்தில் அந்தத் தாயார் பென்சிலைப் பிடித்து நிறுத்தினார். "மிச்சத்த எங்க மாமியார்தான் சாப்பிடுவாங்க, டீச்சர். அவங்களுக்குப் பிரஷர் மாத்திரை கொடுத்திருக்காங்களே!" என்றார். நான் சொல்ல வந்ததை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-இல் நம் நாட்டில் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாது.

அப்படியானால் சால்மன் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வாங்க முடிந்தவர்கள் மசாலா இல்லாததை வாங்கி, மஞ்சள், மிளகாய்த்தூள், பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவிப் பொரியுங்கள். உப்பு உங்கள் விரல் அளவில் இருக்கும். வாங்க முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். கெம்போங் மீனிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. டின் சாடினை முள்ளோடு மசித்துச் சாப்பிட்டால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். முள் நீக்கிய சால்மன் துண்டில் அது கிடைக்காது. ஆனால் சாடின் டின்னிலும் உப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். சமைக்கும்போது மேலும் உப்புச் சேர்க்காதீர்கள். மூன்று கோழி முட்டையில் 18 கிராம் புரதம் இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மசாலா மீன் வாங்குவது லாபமாகாது.

பெற்றோர்களே, பொட்டலத்தின் எழுத்து மிகப் பொடியது. அதிலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் இருக்கும். நம் பாட்டிமார்களால் அதைப் படிக்க முடியாது. ஆனால் உங்கள் பிள்ளைகளால் முடியும். கடைக்குப் போகும்போது அவர்களை அழைத்துச் செல்லுங்கள். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்தது போதும், பின்பக்கத்தைப் படித்துச் சொல் என்று கேளுங்கள். பெருக்கலும் வகுத்தலும் பரீட்சைத் தாளில் மதிப்பெண் வாங்குவதற்கு மட்டுமல்ல. தன் பாட்டியின் தட்டில் எவ்வளவு உப்பு விழுகிறது என்று ஒரு பிள்ளை கணக்குச் சொன்னால், அவன் கற்ற கல்வி அந்த வீட்டுக்குப் பயன்பட்டுவிட்டது என்று பொருள்.