வளைந்த தண்டும் வாடிய நெஞ்சும்

2011ஆம் ஆண்டு. எம் பேத்திக்கு அப்போது வயது 12. தொழுதுகொண்டிருந்த அவள் ருகூவில் குனிந்தவேளை, பின்னே அமர்ந்திருந்த எம் துணைவியார் அவளது முதுகின் வலப்பக்கம் மட்டும் மேடாக எழுந்திருத்தலைக் கண்டார். எலும்பு மருத்துவரும் அவ்வாறே குனியச் செய்து பார்த்தார். எக்ஸ்ரே படத்தில் வளைவை அளந்து, 18 பாகை என்றார்.

"கூடுமா, நின்றுவிடுமா?" எனக் கேட்டோம். ஆறு திங்கள் கழித்து வருமாறு சொன்னார். அன்று அவர்மீது எமக்குச் சினமே மூண்டது. சுற்றத்தாருள் புத்தகப்பையைப் பழித்தோர் சிலர். பெண்பிள்ளையாயிற்றே எனப் பெருமூச்செறிந்தோர் பலர். அவர்கள் எண்ணியது திருமணத்தை. நாம் அஞ்சியது அறுவை மருத்துவத்தை.

அமெரிக்காவிலிருந்த எம் மருமகன் வாயிலாகவே ஸ்கோலிஸ்கோர் என்னும் சோதனையைப் பற்றிக் கேள்வியுற்றோம். யூட்டா மாநிலத்து ஆக்சியல் பயோடெக் நிறுவனம் 2009இல் கொணர்ந்தது அது. சிறிது உமிழ்நீர் போதும். மரபணுத்தொகுதியின் 53 குறியிடங்களை ஆராய்ந்து, வளைவு முற்றும் வாய்ப்பை 1 முதல் 200 வரையிலான எண்ணால் உரைப்பர். ஆவலோடு விசாரித்தோம். வெள்ளை இனச் சிறாருக்கே அஃது உரியதாம்! முதலில் மனம் புண்பட்டது உண்மை. எம்மக்களிடையே ஆராய்ந்தனரோ அம்மக்களுக்கு மட்டுமே உரைத்தது நேர்மையே என்று பின்னர்த் தெளிந்தோம்.

அந்த நேர்மையும் அச்சோதனையைக் காக்கவில்லை. அதே 53 குறியிடங்களை 2013இல் ஜப்பானியரிடமும், 2015இல் பிரெஞ்சு வழிக் கனடியரிடமும் ஆராய்ந்தோர், வளைவு முற்றுதலோடு அவற்றுக்குத் தொடர்பு காணவில்லை. கிட்டாத கனிக்காகவா அத்துணை ஏங்கினோம்!

எனினும் அவ்வேட்கையைப் பழிக்க எமக்கு மனமில்லை. 2013இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வொன்றில், முதுகுக் கச்சை அணிந்தோருள் 72 விழுக்காட்டினர் 50 பாகையை எட்டாமலே வளர்ச்சி நிறைவுற்றனர். அணியாதோருள்ளும் 48 விழுக்காட்டினர் அவ்வாறே தப்பினர். அந்த 48 பேர் யாவரென முன்னரே அறிய முடிந்தால், எத்தனை சிறுமியர் நாளெல்லாம் கச்சைக்குள் புழுங்காதிருப்பர்!

எம் பேத்திக்குக் கச்சை தேவைப்படவில்லை. ஆறு திங்களுக்கொருமுறை எக்ஸ்ரே எடுத்தே நான்காண்டுகள் கழிந்தன. இறைவன் அருளால் வளைவு 22 பாகையில் நின்றது. இன்று அவள் ஒரு குழந்தைக்குத் தாய். ஆயினும் அவள் ருகூவுக்குக் குனியும்போதெல்லாம் எம் துணைவியாரின் பார்வை அம்முதுகின்மீதே செல்கின்றது.