நீலப் புள்ளி சொல்லாத சேதி

நள்ளிரவு தாண்டி இருபது நிமிடம். நாமக்கல்லில் கட்டிலில் படுத்தபடி செல்போன் திரையில் ஒரு நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளிதான் என் 12 சக்கர லாரி. 2022 செப்டம்பர் மாதம். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்தின் வார்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நவராத்திரி விரதத்துக்கு அங்கே வீட்டுக்கு வீடு ஜவ்வரிசிக் கிச்சடி. விரதம் தொடங்குமுன் சரக்கு இறங்கியாக வேண்டும். புள்ளியோ நாற்பது நிமிடமாக நகரவில்லை.

டிரைவரைப் போனில் பிடித்தேன். என்னைவிட இருபது வயது மூத்தவர். அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியை ஓட்டுகிறவர். அவரிடம் நான் கேட்டதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. "என்னங்கண்ணா, தூக்கமா?"

"பையனைக் கரண்ட் அடிச்சிருச்சு தம்பி" என்றார்.

ஹிங்கன்காட்டைத் தாண்டியதும் செல்போன் வரைபடம் ஒரு குறுக்குவழியைக் காட்டியிருக்கிறது. அவருக்கு அதில் போக மனமில்லை. ஆனால் அன்று மாலைதான் நான் போனில் சொல்லியிருந்தேன், "மேப் காட்டற வழியிலேயே போங்க, டீசல் மிச்சமாகும்" என்று. காருக்கு அது நல்ல சாலை. பருத்திக் காடுகளைக் கடந்து ஊருக்குள் நுழைந்ததும் தெரு குறுகியது. மின்கம்பி தார்ப்பாயை உரசும் உயரத்தில் தொங்கியது. வண்டியைத் திருப்ப இடமில்லை. கிளீனர் பையன் மூட்டைகள் மேல் ஏறி, மூங்கில் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்தான். பல லாரிகளில் செய்கிற வேலைதான். அன்று பெய்த மழையில் கழி நனைந்திருந்தது.

ஊர்க்காரர்கள் டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவனுக்கு வயது 22.

அதன் பிறகுதான் லாரிக்கு ஏற்ற வழிகாட்டிக் கருவி எது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் புரிந்துகொண்டது, நான் 'ஜி.பி.எஸ்.' என்று நம்பியிருந்தது டிரைவருக்கான கருவியே அல்ல என்பது. அது முதலாளிக்கானது. வண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று எனக்குச் சொல்லும். எந்த வழியில் போகலாம் என்று அவருக்குச் சொல்லாது. கடையில் லாரிக்கு ஜி.பி.எஸ். என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்து வைக்கிறார்கள். டிரைவரின் கையில் இருந்தது காருக்கென்று போட்ட வரைபடம்.

இரண்டாவது, பழியைச் செயற்கைக்கோள் மீது போட முடியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும். நாம் நிற்கும் இடத்தைக் கருவி சில மீட்டர் பிசகில் சொல்லிவிடும். எதிரே உள்ள பாலத்தின் உயரத்தைச் சொல்ல வேண்டியது வரைபடம். அதைப் போட்டவருக்குத் தெரியாதது கருவிக்கும் தெரியாது.

வெளிநாடுகளில் லாரிக்கென்றே கார்மின், டாம்டாம் போன்ற கம்பெனிகளின் கருவிகள் உண்டு. வண்டியின் உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைப் பதிந்துவிட்டால் அதற்கு ஏற்ற வழியைத் தேடித் தரும். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உயரத்தைப் பதிவுச் சான்றிதழைப் பார்த்துப் பதியாதீர்கள். சரக்கு ஏற்றித் தார்ப்பாய் கட்டிய பிறகு டேப் வைத்து அளந்து பதியுங்கள்.

வசதி இருந்தால் மட்டும் போதாது. அந்த வரைபடத்தில் நம் ஊர்ப் பாலங்கள் ஏறியிருக்க வேண்டும். இதற்கு நான் கண்டுபிடித்த பரீட்சை எளிது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் லாரி நுழைய முடியாத ரயில்வே கீழ்ப்பாலம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு அந்தப் பக்கம் உள்ள இடத்துக்கு வழி கேளுங்கள். நேராகப் பாலத்துக்கடியில் அனுப்பினால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்த மூன்றில் இரண்டு இதில் தோற்றன.

சட்டம் தெரிகிறதா என்பது அடுத்த பரீட்சை. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை லாரிகள் போக முடியாது. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 16.2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் தடை விதித்தது. காருக்கான வரைபடம் நம்மை அங்கேயும் அழைத்துப் போய்ச் செக்போஸ்ட் வாசலில் நிறுத்திவிடும்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் வழியில் காலை வாருபவை. வரைபடம் முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். மலையிலும் காட்டிலும் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. லாரி பேட்டரி 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் சார்ஜரை மாட்டினால் புகைந்துவிடும். மேம்பாலத்தில் ஏறுவதா, பக்கத்துச் சாலையில் போவதா என்று கருவி முன்கூட்டியே சொல்ல வேண்டும். தவறவிட்டால் அடுத்த திருப்பம்வரை போய் வர வேண்டும். தமிழில் சொன்னால் நல்லது. எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும். வரைபடத்தைப் புதுப்பித்துத் தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். 2010-ல் நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன. பழைய 7 பெரும்பகுதி இன்று 44. எங்கள் டிரைவர் இன்னும் ஏழு என்றுதான் சொல்கிறார். அவருக்கு வழி தெரியும், பரவாயில்லை. கருவிக்கு வேறு எதுவும் தெரியாதே.

பரீட்சையில் தேறிய அந்த ஒன்றை வாங்கினேன். விலை அதிகம்தான், ஆனால் இரண்டு விரல்களோடு ஒப்பிட மனம் வரவில்லை. கூடவே ஒரு விதியும் வைத்தேன். கருவி ஒரு வழியும் டிரைவரின் மனம் வேறு வழியும் சொன்னால், டிரைவர் சொல்வதே முடிவு. கூடுதல் டீசலுக்கு நான் கணக்குக் கேட்பதில்லை.

அந்தப் பையன் இப்போது எங்கள் ஷெட்டில் கணக்குப் பார்க்கிறான். நடை முடிந்து வரும் டிரைவர்களை உட்கார வைத்து, தாழ்ந்த கம்பி எங்கே, குறுகிய பாலம் எங்கே என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறான். பிறகு அவற்றைக் கருவியில் 'தவிர்க்க வேண்டிய இடம்' என்று குறித்துவிடுகிறான். நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி, வார்தா பக்கத்து அந்த ஊர்த் தெரு.