"எண்ணெயைத் துடைக்காம உப்புத்தாள் போடாதே!" - எண்ணூரில் மாமாவின் படகு சொல்லிக்கொடுத்த பாடம்

திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவள் நான். அம்மாவின் தம்பி, எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் இருக்கிறார். சின்ன வயதில் அவருடைய ஃபைபர் படகின் மீது ஏறி விளையாடியிருக்கிறேன். ஆனால், அந்தப் படகின் மேல்தோல் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியவந்தது, 2023 டிசம்பருக்குப் பிறகுதான்.

மிக்ஜாம் புயல் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை என்று தென்சென்னை மூழ்கியதைத்தான் டி.வி-யில் அதிகம் பார்த்தோம். அதே நாள்களில், மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் வந்து சேர்ந்தது. வீட்டுச் சுவர், வலை, அலையாத்தி மரங்கள், கரையில் கட்டியிருந்த படகுகள் எல்லாவற்றிலும் கறுப்புப் பிசுக்கு.

எண்ணூருக்கு இது முதல்முறை இல்லை. 2017 ஜனவரி 28-ம் தேதி, காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, இளைஞர்கள் வாளியில் அள்ளியதை நாடே பார்த்தது.

இந்த முறை வெள்ள இழுப்பில் மாமாவின் படகு கரைக் கல்லில் உரசியும் இருந்தது. முன்பக்கம் நாலைந்து கீறல். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். 'இவ்வளவுதானே, கொஞ்சம் பூசிவிட்டால் சரியாகிவிடும்' என்றுதான் எனக்குத் தோன்றியது. மாமா சிரித்தார்.

"கட்டுமரத்துல ஒரு செதில் போச்சுன்னா போவட்டும்னு உட்றலாம் பாப்பா. அது மரம். கரையில போட்டா காஞ்சிடும். இது அப்படியில்ல, உள்ள போன தண்ணி வெளிய வராது."

உள்ளே என்ன இருக்கிறது?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் தமிழகக் கரையோரங்களில் கட்டுமரங்கள் வேகமாகக் குறைந்து, ஃபைபர் படகுகள் பெருகின. கண்ணாடி இழைகளால் ஆன 'மேட்'டை அடுக்கடுக்காக விரித்து, ரெசின் ஊற்றி இறுகவைத்தால் அதுதான் படகு. அதற்கு மேலே, கலர் கொடுக்கும் வழவழப்பான தோல்தான் ஜெல்கோட். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். கடல் தண்ணீருக்கும் கண்ணாடி இழைக்கும் நடுவே இருக்கும் முதல் காவல் அதுதான்.

கீறல் அந்தத் தோலோடு நின்றுவிட்டால் பயமில்லை. பள்ளத்துக்குள் வெள்ளையாக இழை தெரிந்தால்தான் ஆபத்து. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, அந்த இழை வழியே தண்ணீர் மெள்ள மெள்ள உள்ளே போகும். நாளாக ஆக, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதற்கு மாமாவிடம் ஒரு சோதனை இருக்கிறது. ஐந்து ரூபாய் நாணயத்தால் பள்ளத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போவார். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'பொத்' என்று கேட்டால், அங்கே உள்ளே பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரைக்கும் அறுத்தெடுக்க வேண்டும்.

முதலில் துணி, பிறகுதான் உப்புத்தாள்

எண்ணெய் படிந்த படகில் வேலையே தலைகீழாக ஆகிவிட்டது. வழக்கமாக வந்ததும் வராததுமாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். இங்கே அப்படிச் செய்தால், பிசுக்கு கீறலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். எண்ணெய் இருக்கிற இடத்தில் ரெசின் ஒட்டவே ஒட்டாது. அதனால், முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கறுப்பை எடுத்தோம். மண்ணெண்ணெயும் எண்ணெய்தானே? அது போக சோப்புத் தண்ணீர். உப்பு போக நல்ல தண்ணீர். கடைசியாக அசிட்டோன். ஒவ்வொரு முறையும் புதுத் துணி. நான் லீவு போட்டுப் போயிருந்த இரண்டு நாளும் துடைத்தது மட்டும்தான் வேலை.

பிறகு பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்தார். "கிணறு மாதிரி இருக்கக் கூடாது, தட்டு மாதிரி இருக்கணும்" என்றார். ஓரம் செங்குத்தாக இருந்தால் புது மேட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. அலை அடிக்கிற அடியில் பெயர்ந்துவிடும்.

மார்கழி மாதம். ராத்திரிப் பனியில் படகு ஈரமாகிவிடும். வெயில் ஏறி, கையை வைத்தால் காய்ந்திருக்க வேண்டும். அப்புறம்தான் ரெசின் டப்பாவையே திறந்தார். நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு ஹார்டனர். சித்திரை வெயிலில் குறைவாக ஊற்ற வேண்டும். இல்லையென்றால் டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும். கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவத்தையும் ஹார்டனரையும் மட்டும் நேரடியாக ஒன்றாகக் கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் இன்னொன்று.

மேட்டை ஒன்றைவிட ஒன்று பெரிதாக வெட்டி, ரெசினில் நனைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டினார். அது இறுகிய பிறகு தேய்த்துச் சமமாக்கி, மேலே ஜெல்கோட். அதன் மேல் ஒரு பாலிதீன் தாள். காற்று பட்டால் ஜெல்கோட்டின் மேல்பக்கம் பிசுபிசுவென்றே இருக்குமாம். மறுநாள் வாட்டர் பேப்பரால் தேய்த்ததும், பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை.

என் கை மட்டும் இரண்டு நாள் அரித்தது. கண்ணாடித் தூசி. நான் வாங்கிப்போன மாஸ்க்கை மாமா கழுத்தில் போட்டுக்கொண்டாரே தவிர, மூக்குக்கு ஏற்றவில்லை. இருபது வருடமாக அந்த நெடியை அப்படியே சுவாசிக்கிறார். நம் வீட்டில் யாராவது இந்த வேலை செய்தால், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லிச் சண்டையே போடுங்கள்.

பத்தாயிரம் ரூபாய்

அந்த எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய். டெஸ்க்கில் உட்கார்ந்து பார்த்தால், அது ஒரு செய்தியின் இரண்டாவது பத்தி. மாமா வீட்டில் அதைக் கையில் வாங்கியபோது, ரெசின், மேட், புது வலைக்கு முன்பணம் என்று அது மூன்றாகப் பிரிந்தது. கடலுக்குப் போகாத நாள்களுக்கு அதில் பங்கு இல்லை. கடலுக்குப் போன பிறகும், 'எண்ணூர் மீனா?' என்று கேட்டு முகம் சுளித்தவர்களால் விழுந்த நஷ்டத்துக்கும் பங்கு இல்லை.

ஒட்டுப்போட்ட இடம் இன்றுவரை பெயரவில்லை. அடியில் அழுக்கு இல்லாமல் துடைத்ததுதான் காரணம் என்கிறார் மாமா.

"படகுன்னா இரண்டு நாள்ல தொடச்சிட்டோம் பாப்பா. ஆத்துக்கு அடியில சேத்தோட சேந்து கெடக்கே, அதை யாரு தொடைக்கிறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதெல்லாம் மணலிப் பக்கம் பெருமழை என்று செய்தி வந்தால், அதை அப்டேட் செய்வதற்கு முன்பு மாமாவுக்கு ஒரு போன் போட்டுவிடுகிறேன். அவர் அதற்குள் படகை மேட்டுக்கு இழுத்துப் போட்டிருப்பார்.