பந்தியில் இருந்தும் பசித்தவர்கள்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடலை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சிறு உரையாடல் என்றேன். ஆயினும் அது இந்த நாள் வரை என்னை விடவில்லை.

நம்முடைய தமிழ்ச் சபை வேறொரு சபையாரின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தே ஞாயிறு பிற்பகலில் கூடிவருகிறது என்பதையும், ஊழியத்தோடுகூட வாரத்தில் மூன்று மாலைகள் இங்கே கலிபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் கணிதம் கற்பிக்கிறேன் என்பதையும் உங்களில் பலர் அறிவீர்கள். அன்று மண்டபத்தைத் துப்புரவு செய்ய வந்த பெண்மணி என்னை உற்றுப் பார்த்து, "பேராசிரியரே, என்னை நினைவிருக்கிறதா?" என்றார். நினைவில்லை. 2015ஆம் ஆண்டு என் எண்கணித வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்தவர் என்று அவர் சொன்ன பிறகே அந்த முகம் திரும்பி வந்தது. குவாத்தமாலாவிலிருந்து சிறுமியாக இந்நாட்டுக்கு வந்தவர். வகுப்பு முடிந்ததும் இரவு வேலைக்குப் புறப்பட்டுப் போவார். செவிலியராக வேண்டும் என்பது அவருடைய வாஞ்சை.

"எந்தப் பாடத்தில் தவறினீர்கள்?" என்று கேட்டேன். கேட்ட விதமே பிழை என்று இப்போது தெரிகிறது.

"நான் எதிலும் தவறவில்லையே. உங்கள் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். அதற்கடுத்த வகுப்பிலும் தேர்ச்சி பெற்றேன். இன்னும் இரண்டு மீதம் இருந்தன" என்றார்.

இதன் பொருள் விளங்க, சமுதாயக் கல்லூரி என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். 1901இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய மரபு அது. 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த ஆணையம் அந்தப் பெயரைப் பரவலாக்கியது. தகுதிப்பட்டியல் இல்லை, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் வரலாம். பாட்டியும் பேத்தியும் ஒரே வகுப்பில் அமர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் குறைந்த செலவில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிச் செல்லலாம். "வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது" என்று நாங்கள் பெருமையோடு சொல்லுவோம். அது மெய்தான்.

ஆனால் வாசலைத் தாண்டினால் ஏணி ஒன்று இருந்தது. வந்து சேரும் மாணவரைக் கணினியின் முன் அமர்த்தி ஒரு தேர்வு வைப்பார்கள். பலருக்கு அது முக்கியமான தேர்வு என்பதே தெரியாது. பள்ளியை விட்டுப் பத்தாண்டுகள் ஆனவர்கள்கூட எந்த ஆயத்தமுமின்றி எழுதுவார்கள். அதன் முடிவைக் கொண்டு சிலரை எண்கணிதத்தில் சேர்ப்போம். பின்பு இயற்கணிதத்துக்கு முந்திய பாடம், தொடக்க இயற்கணிதம், இடைநிலை இயற்கணிதம் என்று நான்கு படிகள். அவற்றை ஏறி முடித்த பின்னரே பல்கலைக்கழகம் ஏற்கும் புள்ளியியல் வகுப்பு. அந்த நான்கில் எதையும் பல்கலைக்கழகம் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. பருவத்துக்கு ஒன்றாக ஏறினால் இரண்டு ஆண்டுகள் இதற்கே கழிந்துவிடும்.

நூறு பேர் கீழ்ப்படியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் பத்தில் ஏழு பேர் தேர்ச்சி பெற்று அடுத்ததில் சேர்கிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். எழுபது சதவீதம் என்பது எந்த ஆசிரியரும் வெட்கப்பட வேண்டாத விகிதம். முதற்படிக்குப் பின் 70 பேர். இரண்டாவதற்குப் பின் 49. மூன்றாவதற்குப் பின் 34. நான்காவதற்குப் பின் 24. கல்லூரித் தரமான பாடத்தின் முதல் நாளுக்கே நூற்றில் 24 பேர்தான் வந்து சேருவார்கள். எழுபத்தாறு பேர் எங்கே போனார்கள்? தவறியவர்கள் பாதி என்றால், மற்றவர்கள் தேர்ச்சி பெற்றும் அடுத்த பருவத்துக்கு வராதவர்கள். தந்தை நோயுற்றிருப்பார், வேலை நேரம் மாறியிருக்கும், பேருந்துத் தடம் நிறுத்தப்பட்டிருக்கும். படிகள் எத்தனையோ, அத்தனை இடைவெளிகள். ஒவ்வொரு இடைவெளியிலும் வாழ்க்கை குறுக்கிடும். கணித ஆசிரியனாகிய நான், என் வகுப்பின் எழுபதை மாத்திரம் பார்த்து மகிழ்ந்தேன். இந்தப் பெருக்கலைப் பல ஆண்டுகள் போட்டுப் பார்க்கவேயில்லை.

அந்நாட்களில் நான் கல்லூரியின் பன்முகத்தன்மைக் குழுவிலும் உறுப்பினன். அறிக்கையில் மூன்று சொற்கள் எப்போதும் சேர்ந்தே வரும்: பன்முகத்தன்மை, சமநீதி, ஏற்றுக்கொள்ளுதல். எங்கள் செயல்களோ பெரும்பாலும் முதற்சொல்லோடு நின்றுவிட்டன. பல நாட்டுக் கொடிகளைக் கட்டினோம், விழாக்கள் வைத்தோம். ஓர் ஆண்டு நான் வேட்டி கட்டிக்கொண்டு பொங்கலைப் பற்றிப் பேசினேன். சர்க்கரைப் பொங்கலுக்கு நீண்ட வரிசை நின்றது. (அதில் தவறில்லை. பொங்கலும் நன்றாகவே வந்திருந்தது.) ஆனால் அதே மாலையில் அடுத்த கட்டடத்தில் இந்தச் சகோதரி இரண்டாம் படியில் அமர்ந்து பின்னங்களைச் சுருக்கிக்கொண்டிருந்திருப்பார். நாங்கள் கொண்டாடிய பன்முகம் எந்தப் படியில் தங்கிப்போகிறது என்று குழுவில் எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்போஸ்தலருடைய நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை இந்த வாரம் மறுபடியும் வாசித்தேன். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போனார்கள் என்று முறையீடு எழும்புகிறது. அவர்கள் வெளியே நின்றவர்கள் அல்லர். சபைக்குள்ளே, அதே ஐக்கியத்தில் இருந்தவர்கள். பன்முகத்தன்மை அங்கே குறைவுபடவில்லை, பங்கீட்டில்தான் குறை. எபிரெயர் வேண்டுமென்றே செய்தார்கள் என்றும் வேதம் குற்றஞ்சாட்டவில்லை. எவரும் தீங்கு நினையாமலே சிலருடைய கலம் வெறுமையாய்ப் போகலாம் என்பதை அந்தப் பகுதி எனக்குக் காட்டியது.

முறையிட்டவர்களுடைய விசுவாசத்தை அப்போஸ்தலர் சோதிக்கவில்லை. அவர்களைப் பொறுத்திருக்கவும் சொல்லவில்லை. பங்கிடும் பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்தப் பெயர்களை நிதானமாய் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, அந்தியோகியாவைச் சேர்ந்த நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசியாகச் சொல்லப்பட்டவரோ யூத மார்க்கத்துக்குப் புதிதாய் வந்தவர். விடுபட்டவர்களின் மொழி அறிந்தவர்களுடைய கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளாகப் பிரசங்கித்த பகுதி. அந்தப் பெயர்களை இதுவரை வெறும் பட்டியலாகவே கடந்து வந்திருக்கிறேன்.

2017 அக்டோபரில் கலிபோர்னியாவில் ஏ.பி. 705 என்னும் சட்டம் நிறைவேறியது. மாணவர்களின் பள்ளி மதிப்பெண்களைப் பார்த்து, ஓராண்டுக்குள் கல்லூரித் தரமான கணிதத்தையும் ஆங்கிலத்தையும் முடிக்கும் வாய்ப்பை மிகுதிப்படுத்த வேண்டும் என்று அது கட்டளையிட்டது. 2019 இலையுதிர் பருவத்துக்குள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும். துறைக் கூட்டத்தில் எழுந்து எதிர்த்தவர்களில் நானும் ஒருவன். "அஸ்திபாரம் இல்லாமல் வீடு கட்டுவதா?" என்று கேட்டேன். மணலின்மேல் கட்டிய வீட்டின் உவமையைக்கூட மனதுக்குள் சொல்லிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அன்றிரவு வீடு திரும்பிய பிறகு என் மனைவி கேட்டாள்: "பாளையங்கோட்டையில் உங்களை எந்தப் படியில் உட்கார வைத்தார்கள்?" தமிழ்வழியில் படித்து, ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் முழுதாய்ச் சொல்லத் தெரியாமல் கல்லூரியில் சேர்ந்தவன் நான். நுண்கணித விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். கரும்பலகையில் உள்ளதை எழுதிக்கொள்வேன், காதில் விழுவது ஒன்றும் விளங்காது. எவரும் என்னை ஓராண்டு ஆங்கிலம் படித்துவிட்டு வா என்று திருப்பியனுப்பவில்லை. விரிவுரை முடிந்த மாலைகளில் ஒரு பேராசிரியர் எங்கள் ஐந்தாறு பேரைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, அன்றைய பாடத்தை அன்றைக்கே தமிழில் மறுபடியும் சொல்லித் தருவார். அதே வகுப்பு, அதோடு கூடுதல் துணை. புதிய சட்டத்தின்படி எங்கள் கல்லூரி கொண்டுவந்த ஏற்பாடும் ஏறக்குறைய அதுவே. மாணவர் நேரே புள்ளியியலில் சேருவார்; கூடவே ஒரு துணைவகுப்பு இருக்கும். எனக்குக் கிடைத்த கிருபையைப் பிறருக்கு ஆபத்து என்று வாதாடியிருந்தேன்.

2019இல் அந்தத் துணைவகுப்பை எனக்கே கொடுத்தார்கள். எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதமாட்டேன். பலர் தவறினார்கள், பின்னங்களே தெரியாதவர்களுக்கு நியமவிலக்கத்தை விளக்குவது எளிதன்று. ஆனால் முன்பு அந்த அறைக்கே வந்திராதவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் முடித்துச் சென்றார்கள். விழா எதுவும் இல்லாமல் நடந்த காரியம் இது.

இன்று அந்த மூன்று சொற்களும் இந்நாட்டில் வழக்குக்குரியவையாகிவிட்டன. டெக்சாஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுக் கல்லூரிகளில் இப்பெயருள்ள அலுவலகங்களுக்கு இடமில்லை. 2025 ஜனவரியில் மத்திய அரசும் இதற்கெதிரான ஆணைகளைப் பிறப்பித்தது. நம் சபையிலும் இருபக்கத்தாரும் உண்டு. தகுதியைப் புறந்தள்ளுகிறார்கள் என்று சிலர் என்னிடம் வருந்துகிறார்கள். அவர்களுடைய கவலையை நான் ஏளனம் செய்யமாட்டேன், நானே அதைப் பேசியவன். பெயர்ப்பலகையைக் கழற்றுவதைக் குறித்து எனக்குப் பெரிய துக்கமும் இல்லை. அந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்க ஒருவர்கூட இல்லாமற்போவதைக் குறித்தே அஞ்சுகிறேன்.

ஞாயிறன்று இந்தச் சட்டத்தைப் பற்றி அந்தச் சகோதரிக்கு எடுத்துச் சொன்னேன். இப்போது வந்தால் நேரே புள்ளியியலில் சேரலாம் என்றேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு, "அப்படியானால் அந்த ஓராண்டு எதற்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே காரணம் ஒன்று இருக்கும், ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிக் கேட்டார்.

என்னிடம் மறுமொழி இல்லை. "நாங்கள் தவறு செய்தோம்" என்றேன். ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் விண்ணப்ப அலுவலகத்தின் நேரத்தையும் என் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "வயது நாற்பத்தொன்று, பேராசிரியரே" என்று சிரித்தார். பிறகு இருவருமாக மீதி நாற்காலிகளை அடுக்கினோம்.

ஆகஸ்டு மாதத்தில் புதிய பருவம் தொடங்குகிறது. இதுவரை அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. உங்கள் ஜெபங்களில் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.