வரப்போகிற காரும் ரக்ஸிக்காரரின் ஆசைகளும்

போன மாதம் ஒரு சவாரியில் யாரோ ஒருவர் வாகனச் சஞ்சிகை ஒன்றைப் பின்சீற்றில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அட்டையில் ஒரு கார். கார் என்றும் சொல்ல ஏலாது, கறுப்பு வெள்ளைச் சுருள் கோலம் போட்ட தாளால் மேல் முழுக்க ஒட்டி மூடின ஒரு உருவம். விற்பனைக்கு வரமுன்னர் தெருவில் ஓடவிட்டுச் சோதிக்கிற கார்களை இங்கே ஜேர்மனியில் இப்படித்தான் மூடிக்கட்டி விடுவார்கள். போட்டிக் கொம்பனிக்காரர் வடிவத்தைப் பார்த்துவிடக் கூடாதாம். உள்ளே நாலு பக்கத்துக்கு ஊகம். அடுத்த பெரிய சொகுசுச் செடான் இப்படி இருக்குமாம், திரை இவ்வளவு பெரிதாம், பின்னால் இருப்பவர் கால் நீட்டிப் படுக்கலாமாம்.

அன்றிரவு ரயில் நிலையத்து ரக்ஸித் தரிப்பில் சனமே இல்லை. ஐந்து பேர் குளிருக்குள் நின்று கோப்பி குடித்தபடி அந்தச் சஞ்சிகையைப் பிய்க்காத குறையாகப் பார்த்தோம். ரக்ஸிக்காரருக்கு இந்தக் கதை கலியாணம் பேசுகிற கதை மாதிரி. பார்த்து முடிவெடுப்பது முதலாளி, கூட இருந்து சீவிக்கப் போவது நாங்கள். ஆளுக்கொரு ஆசை வந்தது.

துருக்கிக்காரர் கனகாலம் ஓடுகிறவர். "எனக்கு சீற் ஒண்டுதான். பதினொரு மணித்தியாலம் இருந்துபோட்டு இறங்கேக்கை முதுகு என்ரை முதுகாய் இருக்கவேணும்" என்றார். ஈரான்காரர் ஊரில் பொறியியலாளராக இருந்த மனிசன். டிக்கிக்குள் ஐந்தாவது சில்லு வேண்டுமாம். இப்போது அநேகமான கார்களில் மேலதிகச் சில்லு கிடையாது, ஒரு குப்பி பசையும் காற்றடிக்க ஒரு சின்னப் பம்பும்தான். ரயர் பக்கத்தால் கிழிந்தால் பசையைக் குடிக்கிறதா என்று கேட்டார். ஆப்கான் தம்பிக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவனுக்குத் திரை இன்னும் பெரிதாக வேண்டும், கால் வைத்ததும் பறக்க வேண்டும்.

வயதான ஜேர்மன்காரர் ஒருவர் இருக்கிறார், எதைக் கேட்டாலும் 'டபிள்யூ 123' என்பார். 1976 முதல் 1986 வரை விற்ற மேர்சிடஸ், கிட்டத்தட்ட 27 இலட்சம் கார் கட்டினார்கள். அந்த நாளில் ஜேர்மன் ரக்ஸி என்றால் வெளிறின யானைத்தந்த நிறத்தில் அந்த டீசல் கார்தான். "கிரேக்கத்தில ஒருத்தன் 240 டீசலில 46 இலட்சம் கிலோமீற்றர் ரக்ஸி ஓடினவன், தெரியுமோ?" என்று தொடங்கினார். தெரியும், நூறு தரம் கேட்டாயிற்று. ஆனால் பொய்யில்லை. அந்தக் கார் இவர் சொல்கிற மொடலுக்கு முந்தினது, 2004 இல் அதை மேர்சிடஸின் நூதனசாலைக்கே கொடுத்துவிட்டான் அந்த மனிசன்.

"உனக்கு என்ன வேணும்?" என்று கடைசியாக என்னைக் கேட்டார்கள்.

"ஒரு குமிழ்" என்றேன். "முன்கண்ணாடிக்குக் காற்றடிக்க, கையால பிடிச்சுத் திருப்புற ஒரு உருட்டுக் குமிழ்."

சிரித்தார்கள். இலட்சம் யூரோ காரில் குமிழ் கேட்கிறான் தமிழன்! நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் கேட்டேன் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

2023 நவம்பர், மழை. மதியம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். பின்சீற்றில் நான் கிழமைக்கு மூன்று தரம் ஏற்றுகிற ஒரு அம்மா. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை, இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோய் விட்டு, நாலைந்து மணித்தியாலம் கழித்துத் திரும்ப வீட்டில் விடவேண்டும். இப்படிப்பட்ட நோயாளிச் சவாரிகள்தான் எங்கள் மாதிரிச் சின்ன நகரத்து ரக்ஸிக்காரரின் சோறு. விமான நிலையம், கோட்டுப் போட்ட ஆட்கள், தாராளமாக ரிப்ஸ் என்பதெல்லாம் படத்தில்தான்.

அவவின் நனைந்த மேலங்கி, குடை, சூடு. கண்ணாடியில் புகார் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அப்போது நான் ஓடினது முதலாளி புதிதாக எடுத்த கார். எந்தக் கொம்பனி என்று எழுதமாட்டேன், விளம்பரமும் வேண்டாம் வழக்கும் வேண்டாம். அதில் காற்று, சூடு எல்லாம் திரைக்குள். விசிறிப் படத்தைத் தொட்டால் ஒரு பக்கம் விரியும், அதில் முன்கண்ணாடிப் படத்தைத் தேடித் தொடவேண்டும். அந்த நேரம் பார்த்து அடுத்த சவாரிக்கான செய்தி வந்து திரையின் பாதியை மூடிவிட்டது. அதைத் தள்ளிவிட்டேன். வண்டி குலுங்கியதில் விரல் வேறெங்கோ பட்டு றேடியோ வந்தது. திரும்பவும் குனிந்தேன்.

"ஹால்ற்!"

பின்னாலிருந்து அவ கத்தின கத்தில் கால் தானாகப் போய் பிரேக்கில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் மங்கின கண்ணாடிக்கு அங்காலே, முதுகில் பெட்டி மாதிரிப் புத்தகப் பை போட்ட ஒரு பிள்ளை. ஏழு எட்டு வயசு இருக்கும். ஒரு பாய் விரிக்கிற தூரம்தான் இடையில். பிள்ளை என்னைப் பார்த்தது, பிறகு ஒன்றும் நடவாத மாதிரிக் கடந்து போய்விட்டது.

நாற்பதில்தான் போனேன். நாற்பதில் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர். மூன்று செக்கன் குனிந்திருந்தேன் என்றால் 33 மீற்றர் நான் காரை ஓட்டவில்லை, கார் தன்பாட்டில் போயிருக்கிறது.

அந்த அம்மா ஒன்றுதான் கேட்டா. "நீங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் மனிசிக்குச் சொல்ல ஒரு கிழமை பிடித்தது.

பிழை என்னுடையது. அதில் கதையில்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2020 இல் கார்ல்ஸ்றூவ மேல் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மழையில் வைப்பரின் வேகத்தைத் திரையில் மாற்றப் போன ஒருவர் தெருவை விட்டு விலகி மரங்களில் மோதிவிட்டார். 200 யூரோ குற்றப்பணம், ஒரு மாதம் ஓடத் தடை. காரிலேயே பூட்டி வருகிற திரை என்றாலும், ஓடும்போது கைத்தொலைபேசி நோண்டுவதற்கு உள்ள அதே சட்டம்தான் இதற்கும் என்று நீதிமன்றம் சொன்னது. சரி. ஆனால் எனக்கு ஒரு கேள்வி. திரையைப் பார்த்தால் தண்டனை என்றால், மழைக்குத் தேவையான வைப்பரைத் திரைக்குள் கொண்டுபோய் வைத்தவருக்கு என்ன?

சுவீடனில் 'வி பீலேகரே' என்று ஒரு வாகனச் சஞ்சிகை. 2022 இல் ஒரு சோதனை செய்தார்கள். 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டு சூட்டைக் கூட்டு, றேடியோவை மாற்று என்று நாலு வேலைகள். 2005 ஆம் ஆண்டின் ஒரு பழைய வொல்வோ, முழுக்க பொத்தானும் குமிழும், பத்து செக்கனில் முடித்தது, 306 மீற்றர். புதுக் கார்களில் மிக மோசமானது அதே வேலைகளை முடிக்க முன் 1,372 மீற்றர் ஓடிவிட்டது. ஆப்கான் தம்பிக்கு இதைக் காட்டினேன். "அண்ணை, பழகினால் சரிவரும்" என்றான். எனக்கென்றால் பழகவில்லை. கைக்குத் திரையில் பிடிமானம் இல்லையே, வழுக்கின கண்ணாடி. ஒவ்வொரு தரமும் கண்ணைக் கேட்டுத்தான் கை போகவேண்டும்.

மாமாவின் ஏ40 ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடின ஒஸ்ரின். 1990 க்குப் பிறகு பெற்றோல் தடை, மண்ணெண்ணெயில்தான் கார் ஓடும். சின்னப் போத்தலில் பவுண் மாதிரி வைத்திருக்கிற பெற்றோலில் இரண்டு சொட்டுக் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இரவில் பிரசவத்துக்கு யாரையாவது கொண்டுபோகிறதென்றால் மேலே விமானம் வருமோ என்ற பயத்தில் முன் விளக்கைப் போடமாட்டார். உள்ளே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் மாமாவின் இடது கை சோக் குமிழைத் தேடினதை நான் ஒருநாளும் காணவில்லை. கை நேரே போய் அதில் நிற்கும், கண் தெருவில் நிற்கும். பழைய கார் நல்ல கார் என்று சொல்ல வரவில்லை. மேட்டில் ஏற்ற நாங்கள் இறங்கித் தள்ளவேண்டும், பிரேக் பிடித்தால் பிள்ளையார் புண்ணியம். நவம்பர் மழையில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் நான் ஏ40 இல் வந்திருந்தால் கார் நின்றே இராது. புதுக் காரின் பிரேக்தான் நிற்பாட்டினது. அதையும் சொல்லவேண்டும்தானே.

இப்போது காற்று கொஞ்சம் மாறி அடிக்கிறது. 2025 இல் ஃபோக்ஸ்வாகன் வடிவமைப்புத் தலைவர் சத்தம், சூடு, விசிறி, அபாய விளக்கு இவற்றுக்கு இனி எல்லாக் காரிலும் பொத்தான் இருக்கும் என்று பகிரங்கமாகச் சொன்னார். மோதல் சோதனை செய்து நட்சத்திரம் கொடுக்கிற 'யூரோ என்காப்' அமைப்பும் 2026 முதல் சிக்னல், அபாய விளக்கு, ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு இந்த ஐந்துக்கும் கையால் தொட்டறியக்கூடிய சுவிச் இருந்தால்தான் முழுப் புள்ளி என்கிறது. நல்லது. ஆனால் அந்த ஐந்தையும் திரும்ப வாசித்துப் பாருங்கோ. புகார் பிடித்த கண்ணாடிக்குக் காற்றடிக்கிற சுவிச் அதில் இல்லை. என்னுடைய குமிழ் இன்னும் வரவில்லை.

சொகுசுக் கார்ப் பக்கம் திரை வளர்ந்துகொண்டுதான் போகிறது. 2023 இல் வந்த மேர்சிடஸ் ஈ கிளாஸின் முன்தட்டில் சுயபடம் எடுக்கவும் காணொளிக் கூட்டம் நடத்தவும் ஒரு கமரா உண்டு, ரிக்ரொக் செயலியும் உண்டு. 2025 இல் மியூனிக் கண்காட்சியில் காட்டின மின்சார ஜி.எல்.சி.யில் திரை 39.1 அங்குலம். ஊரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி 14 அங்குலம், ஒழுங்கை முழுக்க வந்து பார்த்தது. அதே ஈ கிளாஸோடுதான், தொழிற்சாலையிலிருந்தே ரக்ஸிக்கென்று தயார்பண்ணி விற்கிற வழக்கத்தையும் நிறுத்திக்கொண்டார்கள். வியாபாரம் அவர்களுடையது. ஆனால் ஒரு நாளில் பதினொரு மணித்தியாலம் அதற்குள் இருக்கிறவனை விட்டுவிட்டு வேறு யாரைக் கேட்டுக் கார் கட்டப் போகிறார்களோ தெரியாது.

சத்தத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2024 யூலை 7 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கிற ஒவ்வொரு புதுக் காரும் வேக எல்லையைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும். நிற்பாட்டலாம், ஆனால் அடுத்த முறை ஸ்ரார்ட் பண்ண அது திரும்ப வந்துவிடும். நோக்கம் நல்லது. ஆனால் கமரா சில வேளை பக்கத்துத் தெருவின் முப்பது பலகையை வாசித்துவிட்டு ஐம்பது தெருவில் கத்துகிறது. பத்துப் பொய்க் கத்தலுக்குப் பிறகு பதினோராவது உண்மைக் கத்தலும் காதில் ஏறாது.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்தச் சம்பவத்துக்கு அடுத்த நாள் முதலாளியிடம் போய்ப் பழைய வண்டியைத் திரும்பத் தரச் சொன்னேன். நாலு இலட்சம் கிலோமீற்றர் ஓடினது, சீற் விளிம்பு தேய்ந்தது, ஆனால் நடுவில் மூன்று குமிழ். முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திறப்பைத் தூக்கிப் போட்டார். அவ வந்து ஏறினபோது கார் மாறினதைக் கண்டா, ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் என்னோடுதான் வருகிறா.

போன கிழமை அவவை ஏற்றப் போனபோது அந்தச் சஞ்சிகை முன்சீற்றில் கிடந்தது. திரும்பி வரும்போது அவவுக்குத் தலை சுற்றும், ஏறும்போது கதவின் மேல் விளிம்பில் அடிபடாமல் என் உள்ளங்கையை வைத்துப் பிடிப்பேன். இப்போதைய செடான்களில் அதைக் கட்டாயம் செய்யவேண்டும். 2004 இல் சி.எல்.எஸ். வந்த பிறகு கூரை பின்பக்கமாகச் சரிந்தால்தான் வடிவு என்று ஒரு நாகரிகம் வந்துவிட்டது, அந்தச் சரிவு சரியாக வயசானவர்களின் நெற்றிக்கு வரும்.

இருந்து பட்டி போட்ட பிறகு அவவிடம் அட்டையைக் காட்டினேன். "அடுத்த மொடலாம். உங்களுக்கு என்ன வேணும் எண்டு எழுதிப் போடுவமோ?"

மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோலத்தை வலமும் இடமுமாகக் கனநேரம் பார்த்தா. பிறகு விரலால் காரின் பக்கவாட்டைத் தடவினா.

"இதிலே கதவுப்பிடி எங்கே இருக்கிறது?" என்றா.

நானும் பார்த்தேன். காணவில்லை.